அவர் கண்டுபிடித்த ஓட்டை

என் கணவர் போய் முதல் வருஷத் திதி முடிந்திருந்த சமயம். பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அவருடைய பொறியியல் கல்லூரியில், கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு நாள் பயிலரங்கு வைத்தார்கள். அவருடைய கடைசிக் கட்டுரையை முதல் நாளே வாசிக்கப் போவதாகவும், நான் வந்து உட்கார்ந்தால் துறைக்குப் பெருமை என்றும் கூப்பிட்டார்கள். பெருமைக்காக நான் போகவில்லை. என் கைப்பையில் அவருடைய போன் பூட்டியபடி கிடந்தது. பூட்டை உடைப்பதையே படிப்பாகப் படித்தவர்கள் எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில் வரப்போகிறார்கள், ஒருத்தராவது இதைத் திறந்து தர மாட்டார்களா என்ற ஆசையில்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போனுக்குள் இருப்பது சொத்துப் பத்திரமோ பேங்க் கணக்கோ கிடையாது. எங்கள் மகள் சொன்ன செய்திகள். பாரிவாக்கத்தில் எங்கள் ஃபிளாட் பால்கனியில், அவர் கல்லூரி விட்டு வந்து டீ குடித்ததும் அப்பாவும் மகளும் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் ஸ்டுடியோவில் இருக்கிற செய்தி வாசிப்பாளர், அவள் களத்தில் நிற்கிற நிருபர்.

"நிருபர் இணைப்பில் இருக்கிறார். சொல்லுங்கள், பாரிவாக்கத்தில் நிலவரம் என்ன?" என்பார், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"தண்ணி லாரி வர்ல. கீழ் வீட்டுப் பூனை குட்டி போட்டுச்சு. அம்மா கோவமா இருக்காங்க."

"அம்மாவின் கோபத்துக்கான காரணம் பற்றி அதிகாரபூர்வத் தகவல் ஏதும் உண்டா?"

"நீங்க ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டீங்க."

நான் அடுப்படியிலிருந்து கத்துவேன், அதுவும் செய்தியில் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் அவர் தன் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் படுத்துக்கொண்டு பழைய செய்திகளைக் கேட்டுச் சிரிப்போம். எனக்கும் அனுப்புங்களேன் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் அனுப்பவே மாட்டார். என் போனை நான் அப்டேட் செய்ததே இல்லை, வந்த லிங்க்கை எல்லாம் தொடுவேன். அது கோயம்பேடு மார்க்கெட் மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து போகலாம் என்று கிண்டல் செய்வார். பிள்ளையின் குரலை அதில் போட மாட்டாராம். இணையத்தில் எங்கேயாவது ஏற்றி வைப்பதும் அவருக்கு ஆகாது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பிலேயே போட்டதெல்லாம் ஒரு வாரத்தில் தானாக அழிந்துபோகும்படி செட் செய்து வைத்திருந்த மனுஷன். வைத்துக்கொள்ளாததை எவனும் திருட முடியாது என்பார். ஆக, அவருடைய குரல் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி மாவு வாங்கக் கரையான்சாவடிக்குப் போனவர், கடை வாசலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அந்த வயதுக்கு அதெல்லாம் வருமா என்று நான் டாக்டரிடம் சண்டை போட்டேன். போன் வீட்டில் இருந்தது. படுக்கும்போது அதை அணைத்துவிடுவது அவர் வழக்கம். அப்படி அணைத்த போனுக்குக் காலையில் ஒரு முறை எண்ணைப் போட்டால்தான் அதற்குப் பிறகு விரல் ரேகையையே ஏற்கும். அன்று காலை அவர் எண்ணைப் போடவில்லை. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது, என் கொழுந்தனார் அவர் கட்டைவிரலை எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். அது எண் கேட்டது. கையை விடுங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

அப்புறம் நானே எண் போட்டுப் பார்த்தேன். மகள் பிறந்த நாள், எங்கள் கல்யாண நாள், எதுவும் இல்லை. எனக்கே தெரியும், பிறந்த நாளைப் போடுகிறவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் அவர். ஒவ்வொரு தப்புக்கும் போன் காத்திருக்கச் சொல்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. இன்னும் சில தப்பு செய்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும் என்று காட்டியது. அதோடு வைத்துவிட்டேன். கரையான்சாவடியில் போன் ரிப்பேர் செய்யும் கடைக்காரர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். "ரீசெட் அட்ச்சா தொறந்துக்கும்க்கா. ஆனா உள்ள கீறது எல்லாம் பூடும்." அதற்குமேல் கடைகளில் காட்டுவதை நிறுத்தினேன்.

வேறு எங்கும் அவர் குரல் இல்லையா என்று கேட்பீர்கள். கல்யாண வீடியோவில் நாதஸ்வரம்தான் கேட்கிறது, இவர் புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியில் தேடி ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பை எடுத்துக் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது யாரோ சாரும்மா" என்று எழுந்து போய்விட்டாள். போன மாதம் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, அப்பா இவர் மாதிரியா பேசுவார் என்று என்னிடம் கேட்டாள்.  அவளுக்கு மறந்துகொண்டிருக்கிறது. முழுசாக மறப்பதற்குள் அந்தப் போனைத் திறந்தாக வேண்டும்.

அவர் ஆய்வகத்தில் கூட வேலை பார்த்த இளைய விரிவுரையாளர் ஒருவர் உண்டு. காரியம் நடந்த பதினாறு நாளும் எங்கள் வீட்டிலேயே நின்று நாற்காலி எடுத்துப் போட்டவர், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நான் முதலில் கேட்டது அவரைத்தான். ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம் அண்ணி" என்பார், தரையைப் பார்த்துக்கொண்டு. நாலைந்து முறை கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளைக்கு விஷயம் போதாது என்று முடிவு கட்டிவிட்டேன். பெரிய பெரிய இடத்திலிருந்து ஆட்கள் வரும் பயிலரங்கு என்றதும் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு அதுதான் காரணம்.

கல்லூரி வாசலில் அவருடைய பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பதிவு மேசையில் ஒரு மாணவி பையும் பேனாவும் கொடுத்து, எந்தக் கல்லூரி மேடம் என்று கேட்டாள். குடும்பம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, அட்டையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னாள். உள்ளே ஏசி குளிர். குத்துவிளக்கை ஏற்றப் போன தலைமை விருந்தினரின் மெழுகுவத்தியை ஃபேன் அணைத்துக்கொண்டே இருந்தது, யாருக்கும் ஃபேனை நிறுத்தத் தோன்றவில்லை. இத்தனை படித்தவர்கள் இருக்கிற இடத்தில் கடைசியில் நான் எழுந்து போய் சுவிட்சைத் தட்டினேன்.

கட்டுரையை வாசித்தவர் அந்த இளைய விரிவுரையாளர்தான். இங்கிலீஷில் ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் தமிழும் கலந்தது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பூட்டின போன், எத்தனை முறை தப்பான எண் போட்டார்கள் என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு ஏற ஏறத்தான் அது காத்திருக்கச் சொல்லும், கடைசியில் அழித்துக்கொள்ளும். என் கணவர் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார். அந்த ஓட்டை வழியாகப் போனால், தப்பு நடந்ததையே போன் மறந்துவிடும். அப்புறம் என்ன, கம்ப்யூட்டர் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக்கொண்டே போகலாம், சரியானது அகப்படும்வரை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடையில் இளையவர் ஒரு போனை வயரில் மாட்டினார். என் பைக்குள் இருக்கும் அதே மாடல், அதே கறுப்பு நிறம். திரையில் எண்கள் ஓடின.  சட்டென்று போன் திறந்துகொண்டது. அரங்கமே கை தட்டியது. எனக்குக் கை தட்ட வரவில்லை, கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். பாவி மனுஷா, வழியையும் நீயே செய்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாயா என்று மனதுக்குள் கத்தினேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் போன பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

டீ இடைவேளை விட்டதும் சமோசா வரிசையைப் பிளந்துகொண்டு போய் இளையவர் கையைப் பிடித்தேன். போனை எடுத்து நீட்டினேன்.

"இதையும் அந்த வயர்ல மாட்டுப்பா."

அவர் வாங்கவில்லை. டீ கப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி சுற்றும் பார்த்தார். பிறகு என்னை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரைப் பார்த்து நின்றுகொண்டுதான் பேசினார். அவர் சொன்னதை நான் பலமுறை மறுபடி கேட்டுக்கொண்டேன், அதனால் இப்போதும் வரிசை மாறாமல் சொல்ல முடியும்.

இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஓட்டையைக் கண்டுபிடித்தால் முதலில் அந்தப் போனைச் செய்கிறவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டும். அவர்கள் அதை அடைத்து, அடைப்பை உலகத்தில் உள்ள எல்லாப் போனுக்கும் அனுப்பி முடிக்கும்வரை கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக் கூடாது. முன்னாடியே வெளியே தெரிந்தால் திருடன் முந்திக்கொள்வான். அதனால்தான் என் கணவர் அந்த மாதங்களில் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் போன் பேசினார். யாருங்க அவ என்று நான் வம்புக்கு இழுத்தால் சிரித்து மழுப்புவார். அதே வழக்கத்தால்தான் இந்தப் பிள்ளையும் ஒரு வருஷமாக என்னிடம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசியிருக்கிறார். அன்றைய தினம்தான் அதை வெளியே சொல்ல அனுமதி கிடைத்த முதல் நாள்.

போன் கம்பெனிக்காரர்கள் அடைப்பைச் செய்ததும், சரியாக அடைத்திருக்கிறோமா என்று சோதித்துச் சொல்லும்படி முதலில் இவர்களுக்குத்தான் அனுப்பினார்களாம். ஆய்வகத்தில் சோதனைக்கு என்றே ஒரு போன் இருந்தது. அதில் போட்டுப் பார்த்தால் போதும். என் கணவர் அதில் போட்டுப் பார்த்து, சரியாக அடைபட்டிருக்கிறது என்று பதில் எழுதிவிட்டு, அதே சூட்டில் தன் சொந்தப் போனிலும் போட்டுக்கொண்டார். வேண்டாம் அண்ணா, சோதனைச் சரக்கு, உங்கள் போன் கெட்டுப்போகும் என்று இந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறார்.

"அவர் கேக்கல அண்ணி. 'தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படிடா தொறந்து போட்டுட்டுத் தூங்குறது, உள்ள என் பொண்ணு இருக்கா'ன்னார்."

 அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

"அடுத்த வாரம் போயிட்டார். அந்த வாரம் இந்த மாடல்ல யார் போனைக் குடுத்திருந்தாலும் நான் தொறந்திருப்பேன் அண்ணி. நீங்க கேட்ட அன்னைக்கே, சட்டமாவது வழக்கமாவதுன்னு, ராவோட ராவா தொறந்து குடுத்திருப்பேன். இவர் போன் ஒண்ணுதான் முடியாது. அதுக்கு இன்னைக்கும் வழி கிடையாது."

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அதுவும் செத்தவர் மேல். ஊரிலிருக்கும் அத்தனை பேரும் அடைப்பு வந்து சேரும்வரை திறந்த போனோடு தூங்கினார்களே, யாருக்கு என்ன ஆயிற்று? உனக்கு மட்டும் என்ன அவ்வளவு அவசரம்? பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டினாயே, வெளியே நிற்கிறவள் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு இதை எல்லாம் நான் வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கை கழுவ வந்த இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். இளையவர் அழுதார். கடைசியில் நான்தான் அவருக்கு என் முந்தானையைக் கொடுத்துக் கண்ணைத் துடைக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

இருந்தாலும் நான் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் போனை நீட்டினேன். எல்லாரும் மரியாதையாகக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்கள். நிறையக் கேள்வி கேட்டார்கள். அதில் போட்டிருப்பது அவர்கள் சோதித்துச் சரி என்று சொன்ன அதே அடைப்புதானா என்று இளையவரிடம் ஒரு அம்மாள் கேட்டார். அவர் தலையாட்டியதும், அந்த அம்மாள் போனை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிற்காலத்தில் யாராவது வேறு ஓட்டை கண்டுபிடிக்கக்கூடும், தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்றார். என் மகளுக்கு அதுவரை ஞாபகம் இருக்காதே என்றேன். சாம்பார் சாதம் அப்படியே ஆறிக் கிடந்தது.

சாயங்காலம் முதல் நாள் கூட்டம் முடியும்போது மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய கண்டுபிடிப்பால் கோடிக்கணக்கான பேருடைய போன் பத்திரமாக இருக்கிறது என்று தலைமை விருந்தினர் பேசினார். பிறகு மைக்கை என்னிடம் கொடுத்து இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் இதற்குமுன் மைக் பிடித்தவளில்லை. கீழே அத்தனை முகம். சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தது எதுவும் இப்போது பிரயோஜனப்படாது.

"அவர் பூட்டினது நல்லாப் பூட்டியிருக்குங்க. நான் பார்த்துட்டேன்" என்றேன்.

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். புகழ்ந்து சொன்னேன் என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் புகழும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்வரிசையில் இளையவர் மட்டும் கை தட்டாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நான் வேலைக்குப் போகிற நாட்களில் மகளைப் பார்த்துக்கொள்வது கீழ் வீட்டு அக்கா. அவர் வீட்டுக்காரர் பூந்தமல்லி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நான் எதற்காகப் போயிருக்கிறேன் என்பது அக்காவுக்குத் தெரியும். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, தொறக்கலியா" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். கதவுக்குப் பின்னால் மகள் நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

 மாடியேறி வீட்டுக்குள் வந்து நான் புடவை மாற்றி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அப்புறம்தான் கேட்டாள், அந்த அங்கிள்களுக்கு எல்லாம் திறக்கத் தெரியாதா என்று. தெரியும், ஆனால் அப்பா யாராலும் திறக்க முடியாத மாதிரி பூட்டிவிட்டார் என்றேன். ஏன் என்றாள். நீ உள்ளே இருக்கிறாய் அல்லவா, அதனால்தான் என்றேன். 

"அப்ப நீ பேசும்மா. அப்பா மாதிரி."

 நான் குரலை இறக்கி, அவர் எப்படி ஆரம்பிப்பார், எங்கே நிறுத்துவார் என்று நினைவில் இருந்ததை எல்லாம் கூட்டிச் சேர்த்து, இன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டேன். ஆசையாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், நான் முடிக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டாள்.

"அப்படி இல்ல."

பின்னே எப்படி, நீ சொல்லிக் காட்டு என்றேன். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"தெரியலம்மா. ஆனா அப்படி இல்ல."